கடையாணியும் பின் சீட்டும்



குடும்பக் காரின் பின் சீட்டைக் கழற்றித் திரும்ப மாட்டுவதைப் பற்றி ஒரு முழுச் சொற்பொழிவு வேண்டுமா என்று நீங்கள் நினைத்தால் அது நியாயமே. வீடு மாற்றும் நாளில் கழற்றுகிறோம், உறவினர் வரும் நாளில் மாட்டுகிறோம். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பது என்ன என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் என் கவலை. நான் சொல்ல வந்தது ஒன்றே. கழற்றிய சீட்டைத் திரும்ப மாட்டுகிறவர் நாற்காலியை இடம் மாற்றிப் போடவில்லை. கார் தொழிற்சாலையில் பயிற்சி பெற்ற தொழிலாளி, அளவுக் கருவியையும் சோதனையாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து முடித்த ஒரு வேலையை அவிழ்த்து, அதைத் தம் வீட்டு வாசலில் மீண்டும் செய்கிறார். வேலை இடம் மாறியதால் அதற்கு வேண்டிய கண்டிப்பு குறைந்துவிடாது. அந்தக் கண்டிப்பு நம் கைக்குப் பழக வேண்டும்; அதைப் பழக்கிக் கொடுக்கும் கடமை காரைச் செய்பவருக்கும் விற்பவருக்கும் உண்டு.

இப்படி ஒரு சீட்டு ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1984இல் பிரான்சின் ரெனால்ட் எஸ்பாஸும் அமெரிக்காவின் கிரைஸ்லர் மினிவேன்களும் குடும்பக் காருக்கு ஒரு புதிய வடிவம் தந்தன. ஆள் ஏறும்போது ஆளுக்கும், சாமான் ஏறும்போது சாமானுக்கும் இடம் தர வேண்டும். அதற்காகப் பின் சீட்டுகள் கழன்று வந்தன. அன்றே ஒரு சிக்கலும் தெரிந்துவிட்டது. முழு நீள பெஞ்சு சீட்டைத் தனியாளாகத் தூக்க முடியவில்லை. 1996 மாடலில் கிரைஸ்லர் அந்தச் சீட்டுகளுக்கு அடியில் சிறு சக்கரங்களைப் பொருத்தியது. 2005 மாடலில் சீட்டு தரைக்குள்ளேயே மடங்கி மறையும்படி செய்தது. கழற்றி மாட்டும் வேலையை வீட்டுக்காரர் கையிலிருந்து எடுத்துவிடத் தயாரிப்பாளர்களே இருபது ஆண்டுகள் பாடுபட்டார்கள் என்றால், அது அவ்வளவு லேசான வேலை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் தரைக்குள் சீட்டு மடங்க வேண்டுமானால் தரைக்கு அடியில் ஆழம் வேண்டும். காருக்கு நீளமும் வேண்டும். நம் நாட்டில் நீளத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 2006 மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது முதல், அந்த 4 மீட்டர் கோட்டுக்குள் எவ்வளவு அடைக்க முடியும் என்பதே இந்தியப் பொறியாளர்களின் கணக்காகிவிட்டது. அந்தக் கணக்கின் ஒரு விடை, 2019 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ரெனால்ட் ட்ரைபர். சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் இந்தக் கார் 4 மீட்டருக்குள் ஏழு பேரை உட்கார வைக்கிறது. ஏழு சீட்டும் இருக்கும்போது டிக்கியில் 84 லிட்டர் இடம்தான். இரண்டு பை வைத்தால் நிறைந்துவிடும். மூன்றாவது வரிசையின் இரண்டு சீட்டுகளையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் அதுவே 625 லிட்டர் ஆகிறது. ஒரே கார் திங்கட்கிழமை கடைக்குச் சரக்கு ஏற்றும், ஞாயிற்றுக்கிழமை பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் கோயிலுக்கு அழைத்துப் போகும். இரண்டு வண்டி வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு இது பெரிய உதவி. அதனால் கழற்றக்கூடிய சீட்டையே நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அது வேண்டும். அது வேண்டும் என்பதால்தான், அதைச் சரியாக மாட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

ஒரு சீட்டு என்ன தாங்குகிறது என்று பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நம் ஊர்ச் சாலைகளில் சாதாரண வேகம். அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் போகிறது. அப்படிப் போகும் கார் ஒரு சுவரில் மோதி நிற்பது, சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். கார் நிற்கிறது, கட்டப்படாத எதுவும் நிற்காது. அதனால்தான் அமெரிக்காவின் 207ஆம் எண் பாதுகாப்புத் தரம், சீட்டும் அதைத் தரையோடு பிடித்திருக்கும் கொக்கிகளும் அந்தச் சீட்டின் எடையைப் போல 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. பத்துக் கிலோ சீட்டு அந்தக் கணத்தில் இருநூறு கிலோ மூட்டையாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வெறும் சீட்டின் கணக்கு. ஆள் உட்கார்ந்து பெல்ட் போட்டிருந்தால் கணக்கே வேறு. ஐக்கிய நாடுகளின் 14ஆம் எண் வாகன விதிப்படி, மூன்று முனை பெல்ட்டின் தோள்பட்டைப் பகுதியையும் இடுப்புப் பகுதியையும் ஒவ்வொன்றும் 1,350 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு நிகரான விசையில் ஒரே நேரத்தில் இழுத்துச் சோதிக்கிறார்கள். பெல்ட்டின் ஒரு முனை சீட்டின் சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருந்தால், சீட்டின் எடையைப் போல 20 மடங்கையும் அதோடு சேர்க்கச் சொல்கிறது அந்த விதி. அப்படிப்பட்ட சீட்டில் அந்தச் சுமை கடைசியில் வந்து இறங்குவது எங்கே? தரையில் இருக்கும் விரல் பருமன் இரும்புக் கம்பியிலும், அதைக் கவ்வும் லாக்கின் வாயிலும்தான்.

அந்த லாக் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டால் மற்றது தானே விளங்கும். அமைப்பு காருக்குக் கார் மாறும். பொதுவான ஏற்பாடு இதுதான். காரின் தரையில் உறுதியான கம்பிகள் பதிக்கப்பட்டிருக்கும். சீட்டின் முன்காலில் உள்ள கொக்கியை முதலில் முன் கம்பியில் நுழைக்க வேண்டும். பிறகு சீட்டைப் பின்பக்கம் தாழ்த்தி அழுத்தினால், பின்காலில் உள்ள லாக் தன் வாயைத் திறந்து பின் கம்பியைக் கவ்வி, ஸ்பிரிங் விசையால் மூடிக்கொள்ளும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பெரும்பாலோர் இந்தச் சத்தத்தோடு வேலை முடிந்தது என்று டிக்கியை மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சத்தம் ஸ்பிரிங்கின் சத்தம். கம்பி உள்ளே அகப்பட்டது என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. கம்பி உள்ளே இல்லாமலும் வாய் மூடலாம். ஒரு பக்க லாக் விழுந்து மறுபக்கம் விழாமல் போகலாம். முன் கொக்கி கம்பியில் நுழையாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்க, பின் லாக் மட்டும் விழுந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இந்த மூன்று நிலைகளிலும் சீட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பது போலவே தெரியும். மாட்டியபின் கையால் இழுத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

லாக் ஏன் விழாமல் போகிறது என்பதற்கான காரணங்கள் நம் வாழ்க்கையிலேயே இருக்கின்றன. சீட்டைக் கழற்றியதே சாமான் ஏற்றத்தான். அரிசி மூட்டை போன இடத்தில் அரிசி சிந்தும். தேங்காய் போன இடத்தில் நார் கிடக்கும். செடித்தொட்டி போன இடத்தில் மண். இவை எல்லாம் தேடிப் போய்ச் சேரும் இடம், தரையில் கம்பி பதிந்திருக்கும் அந்தக் குழிதான். ஒரு சிறு கல், ஒரு நாணயம் போதும், லாக் முழுதாக மூடாமல் நிற்க. தரை மேட் நகர்ந்து கம்பியை மூடியிருக்கலாம். பெல்ட்டின் பட்டை சீட்டின் காலுக்கு அடியில் மாட்டியிருக்கலாம். கழற்றிய சீட்டு வீட்டில் இருந்த காலத்தையும் மறக்கக் கூடாது. கூடத்தில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் லீவரை இழுத்து விளையாடியிருப்பார்கள். அப்போது லாக்கின் வாய் வெளியிலேயே மூடிக்கொண்டிருந்தால், திரும்ப மாட்டும்போது அது கம்பியைக் கவ்வாமல் கம்பியின் மேலேயே முட்டி நிற்கும். மாடிப்படிக்கு அடியில் ஈரத்தில் கிடந்த சீட்டின் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். இடது சீட்டும் வலது சீட்டும் ஒன்று போலத் தோன்றி, இடம் மாறிப் போய்ச் சரியாகப் பொருந்தாமல் நிற்பதும் உண்டு. ஓடும்போது சீட்டு கடகடவென்று ஆடுகிறது என்று இடுக்கில் துணியைச் செருகிச் சத்தத்தை அடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சத்தம்தான் சீட்டு நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடக்குவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் தெர்மாமீட்டரை ஒளித்து வைப்பதற்குச் சமம்.

ஒரு சீட்டின் பூட்டு இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு, விமானத் துறையிலிருந்து ஒரு சான்று. செஸ்னா நிறுவனத்தின் சிறு விமானங்களில் விமானியின் சீட்டு, தரையில் உள்ள தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்துத் துளையில் ஒரு முள் இறங்கி அதைப் பூட்டும். துளை தேய்ந்தாலோ முள் முழுதாக இறங்காவிட்டாலோ, விமானம் மேலெழும் நேரத்தில் சீட்டு பின்னால் வழுக்கிப் போகும். விமானியின் கைக்கு எட்ட வேண்டியவை எட்டாமல் போய்விடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1987இல், அந்தத் தண்டவாளங்களையும் முட்களையும் குறிப்பிட்ட பறக்கும் நேரத்துக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும் என்று கட்டாய உத்தரவே போட்டது; 2011இல் அதைப் புதுப்பித்தது. எஞ்சினுக்கும் இறக்கைக்கும் காட்டும் அக்கறையைச் சீட்டின் முள்ளுக்கும் காட்ட வேண்டும் என்பதை அந்தத் துறை விபத்துகளைக் கண்டு கற்றுக்கொண்டது. நாம் அதே பாடத்தை விபத்து இல்லாமலே கற்றுக்கொள்ளலாம்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: மூன்றாவது வரிசையில் எப்போதாவதுதான் ஆள் உட்காருகிறார்கள், ஊருக்குள் மெதுவாகத்தானே போகிறோம்? எப்போதாவது உட்காருபவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். இடுக்கான அந்தச் சீட்டில் பெரும்பாலும் குழந்தைகள்தான் உட்காருகிறார்கள். அவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பது டிக்கிக் கதவு மட்டும். பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தால் நசுங்குவதற்கு வேறு இடமில்லை. பின் சீட்டு தானாகவே பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் தவறு. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நடந்த விபத்தில், பின் சீட்டில் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவருடன் பின் சீட்டில் இருந்தவரும் உயிரிழந்தார்கள். முன் சீட்டில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை சொன்னது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு அமைப்போ இல்லாமல் பயணித்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. சட்டம் பெல்ட்டைத்தான் பார்க்க முடியும். பெல்ட்டுக்குக் கீழே இருக்கும் சீட்டு தரையைப் பிடித்திருக்கிறதா என்பதை, மாட்டிய கை மட்டுமே பார்க்க முடியும்.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. மாட்டியபின் சீட்டைக் கையால் இழுத்துப் பாருங்கள் என்று சொல்கிறீர்களே, ஒரு மனிதனின் கை இழுக்கும் விசை முப்பது கிலோ இருக்குமா? விபத்தின் விசையோ ஆயிரக்கணக்கான கிலோ. முப்பதைத் தாங்கியது மூவாயிரத்தைத் தாங்கும் என்று எப்படிச் சொல்வது? நல்ல கேள்வி, இதற்கான விடையில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது. சீட்டு எவ்வளவு தாங்கும் என்பதைச் சோதனைக்கூடத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அதை நாம் திரும்பச் சோதிக்க வேண்டியதில்லை, சோதிக்கவும் முடியாது. நம் கை விடை தேடுவது வேறொரு கேள்விக்கு: லாக் கவ்வியிருக்கிறதா, இல்லையா? கவ்விய லாக் டன் கணக்கில் தாங்கும். கவ்வாத லாக் பெரும்பாலும் ஒரு கையின் இழுப்பிலேயே மேலே வந்துவிடும். இரண்டுக்கும் இடையே அவ்வளவு பெரிய தூரம் இருப்பதால்தான், முப்பது கிலோ இழுப்பு உண்மையைச் சொல்லப் போதுமானதாக இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்டு ஒருமுறை தள்ளிப் பார்க்கிறோமே, அதுவும் கதவின் வலிமையை அளப்பதற்காக இல்லை, தாழ் விழுந்ததா என்று அறிவதற்காகத்தான்.

மூன்றாவது மறுப்பை நான் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். சாதாரண மனிதர் தவறு செய்ய இடம் கொடுக்கும் அமைப்பே தவறான அமைப்பு, பழியை வீட்டுக்காரர் மீது போடாதீர்கள் என்பது அது. சீட்டை நகர்த்தும், இடம் மாற்றும் எந்த அமைப்பிலும் தானாகவே பூட்டிக்கொள்ளும் லாக் இருக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் 17ஆம் எண் விதி சொல்வது இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டுதான். குழந்தை சீட்டின் வரலாறும் இதையே சொல்கிறது. கார் பெல்ட்டால் குழந்தை சீட்டைக் கட்டும்போது பெற்றோர் பலர் தவறாகவே கட்டினார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை என்று உணர்ந்த பொறியாளர்கள் ஐசோஃபிக்ஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். 1999இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. காரின் சட்டத்தோடு இணைந்த இரண்டு கம்பிகளில் சீட்டின் கொக்கிகள் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலான சீட்டுகளில் சரியாக மாட்டினால் சிவப்பு அடையாளம் பச்சையாக மாறும். கழற்றக்கூடிய ஒவ்வொரு பின் சீட்டிலும் இப்படி ஓர் அடையாளம் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி இருக்க வேண்டும். லாக் விழாவிட்டால் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு விளக்கு எரிய வேண்டும். இதைத் தயாரிப்பாளர்களிடம் நாம் உரத்துக் கேட்க வேண்டும். ஆனால் நாளைய கார் திருந்தும் என்பதற்காக இன்றைய காரில் பிள்ளையை ஏற்றாமல் இருக்கப் போவதில்லை. இன்று வாங்கிய கார் பதினைந்து ஆண்டு ஓடும். அதுவரை அந்தப் பச்சை அடையாளத்தின் வேலையை நம் கண்ணும் கையும்தான் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமே என்பது நான்காவது மறுப்பு. வெளியிலிருந்து வாங்கிய சீட்டை வெல்டிங் வைத்துப் பொருத்துவது, இல்லாத வரிசையைப் புதிதாகச் சேர்ப்பது போன்றவற்றுக்கு அது பொருந்தும். சொல்லப்போனால் அவற்றைச் செய்யவே கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. தயாரிப்பாளரே கழற்றி மாட்டும்படி செய்து கொடுத்த சீட்டு வேறு. ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டுமென்றால், அந்த வசதியால் என்ன பயன்? யாரும் ஓடவும் மாட்டார்கள். தெரிந்தபடி மாட்டிக்கொண்டு போவார்கள். லாக் உடைந்திருந்தால், வளைந்திருந்தால், லீவர் தன் இடத்துக்குத் திரும்பாவிட்டால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். போக வேண்டிய நேரம் எது என்று தெரிவதற்கே, சரியாக மாட்டிய சீட்டு எப்படி இருக்கும் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அப்படித் தெரிந்த கை என்ன செய்யும்? மாட்டுவதற்கு முன் டார்ச் அடித்துத் தரைக் குழிகளைப் பார்த்து, பெருக்கித் துடைக்கும். மேட்டையும் பெல்ட் பட்டையையும் விலக்கி வைக்கும். சீட்டைத் திருப்பி லாக்கின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும். முன் கொக்கி கம்பியில் நுழைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பின்பக்கத்தை இறக்கும். சத்தம் கேட்டபின், சீட்டின் பின்விளிம்பைப் பிடித்து இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக மேலே இழுக்கும். முன்னும் பின்னும் உலுக்கும். முதுகுப் பலகை நிமிர்ந்து பூட்டியதா என்று தள்ளிப் பார்க்கும். ஒவ்வொரு பெல்ட்டையும் முறுக்கு இல்லாமல் இழுத்து பக்கிளில் போட்டுச் சுண்டிப் பார்க்கும். தலைக்கட்டையை உட்காருபவரின் தலை உயரத்துக்கு ஏற்றும். இவ்வளவும் இரண்டு நிமிடம்கூட ஆகாது. விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஷோரூமில் சீட்டு எவ்வளவு எளிதாகக் கழல்கிறது என்று காட்டுகிறீர்கள், சாவியைக் கொடுக்கும் நாளில், வாங்குபவர் தம் கையால் அதை ஒருமுறை மாட்டி இழுத்துப் பார்க்கும்படி செய்யுங்கள். தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கையேடு கையுறைப் பெட்டிக்குள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கிறது, கழற்றக்கூடிய சீட்டுக்கு அடியில், குனிந்தால் தெரியும் இடத்தில், படங்களோடு தமிழிலும் மற்ற மொழிகளிலும் நான்கு வரி ஒட்டிக் கொடுங்கள். காருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நட்சத்திரமும் இந்தப் பூட்டை நம்பித்தான் இருக்கிறது. 2021இல் குளோபல் என்கேப் அமைப்பு, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு, ட்ரைபருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்பில் மூன்றும் கொடுத்தது. எந்தக் காரின் நட்சத்திரமும், எல்லாம் அதனதன் இடத்தில் பூட்டியிருந்த காருக்குக் கிடைத்தது. நாம் மாட்டிய கார் அதே கார்தானா என்பதை நாம்தான் உறுதி செய்ய வேண்டும்.

மாட்டுவண்டியில் சக்கரம் அச்சை விட்டுக் கழலாமல் காப்பது கடையாணி, ஒரு விரல் நீள இரும்பு. வண்டிக்காரர் மாட்டைப் பூட்டுமுன் அதைத் தட்டிப் பார்ப்பார். நேற்றுப் பார்த்ததுதானே என்று விடமாட்டார். பாரம் ஏற்றிய வண்டியை நம்பி ஏறுகிறவர்கள் கடையாணியைக் குனிந்து பார்க்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். பின் சீட்டில் ஏறி உட்காரும் குழந்தையும் அப்படித்தான் ஏறுகிறது. லாக் விழுந்ததா என்று அது கேட்காது, கேட்கவும் தெரியாது. அதற்காகக் கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நாம். அடுத்த முறை சீட்டை மாட்டிவிட்டு டிக்கியை மூடுவதற்கு முன், ஒரே ஒரு முறை குனிந்து, அதைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள்.